ஹாரன் பட்டனும் டார்ச் பிடித்த கையும்

மக்கா,

இதை நான் போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா நீ போனை எடுத்ததும் ஸ்பீக்கர்ல போடுவே. நான் ஒரு வார்த்தை பேசும் முன்ன பக்கத்துல இருந்து அபிஷா 'மாமி, சாப்பிட்டியளா'ன்னு கேப்பா. கேக்கட்டும், நல்ல காரியம்தான். ஆனா கல்யாணம் கழிஞ்ச முதல் மாசத்துல சில காரியம் மருமவ காதுல விழ வேண்டாம்னு எனக்கொரு தோணல். அதனால எழுதுறேன். அவ மலையாளம் மீடியத்துல படிச்சவ. தமிழ் நம்மளைவிட நல்லா பேசுவா, ஆனா எழுத்து வாசிக்கத் தெரியாது. உனக்கும் பெரிசா ஒண்ணும் தெரியாது, சண்டே ஸ்கூல்ல நான் உருட்டி மிரட்டிப் படிப்பிச்சதாக்கும். எழுத்துக்கூட்டி வாசிச்சாலும் சரி, பாதியில மடக்கி வச்சுட்டுப் போகாம முழுசா வாசி.

முதல்ல காரியத்தைச் சொல்லிடுறேன். நீங்க ரெண்டுபேரும் கொச்சிக்கு ரயில் ஏறின நாள் முதல் நான் நல்லா ஒறங்குறேன். பிள்ளைங்க போன வீட்டுல அம்மாமாரு அழுதுட்டுக் கிடப்பாங்கன்னு சொல்லுவாங்க. நான் கஞ்சி குடிச்சு, ஜெபம் பண்ணிப் படுத்தா, விடியக்காலம் ரப்பர் வெட்டுற ஆளுக்க சத்தம் கேட்டுத்தான் முழிக்கிறேன். உனக்க அப்பாவுக்கே அதிசயம். கல்யாணத்துக்கு முன்ன எத்தனை ராத்திரி நான் திரும்பித் திரும்பிப் படுத்தேன்னு அவருக்குத் தெரியும், என்னத்துக்குன்னு மட்டும் தெரியாது. பந்தலு, சாப்பாடு, நகைன்னு கவலைப்படுறேன்னு நினைச்சிருப்பார். எனக்கு உன்னைப் பத்தியாக்கும் கவலை.

பெண்ணு பாக்க குளத்தூருக்குப் போனோமே, ஓர்மை இருக்கா? நீங்க எல்லாரும் முன்னால உக்காந்து வடை தின்னுட்டிருந்த நேரம், அபிஷாவுக்க அம்மா என்னை அடுக்களைக்குக் கூட்டிட்டுப் போனா. நல்ல மனுஷி. உனக்க சம்பளத்தைப் பத்திக் கேக்கல்ல, நாம எந்த சபைன்னு கேக்கல்ல, எத்தனை ஏக்கர் ரப்பர்னு கேக்கல்ல. அடுப்புல இருந்த மீன்கறியை இளக்கிட்டே, என் முகத்தைப் பாக்காம, 'பையனுக்குக் கோவம் உண்டா?'ன்னு கேட்டா. அவ்வளவுதான். மக்கா, இல்லன்னு சொன்னா பொய். உண்டுன்னு சொன்னா உனக்க கல்யாணம் அங்கயே முடிஞ்சுது. நான் என்ன செய்தேன் தெரியுமா? 'இந்த மீனு நல்ல பச்சையா இருக்கே, எங்க வாங்கினிய?'ன்னு கேட்டேன். அவ கறியை இறக்கி வச்சா. பெண்ணைப் பெத்தவளுக்கு அது புரியாம இருக்குமா. அதுக்கப்புறமும் பெண்ணைத் தந்தாங்க.

உன்கிட்ட என்ன குறை கண்டுட்டேன்னு கேப்பே. கேளு. உனக்க அப்பாவுக்குக் கையில ஸ்பானர் இல்லாத நேரம் அவரை மாதிரி ஒரு சாது இந்த அம்பூரியில கிடையாது. கறியில உப்பு கூடினாலும் வாய் திறக்க மாட்டார். சபையில ரெண்டு கூட்டமா பிரிஞ்சு சண்டை போட்டப்பகூட நடுவுல நின்னு சமாதானம் பேசினவர். ஆனா ஒரு நட்டு பிடிவாதம் பிடிச்சுதுன்னு வை, அந்த மனுஷனைக் காணோம், வேற ஒருத்தர் அங்க குத்தவச்சு இருப்பார். அந்த வேற ஒருத்தருக்கு டார்ச் பிடிச்சே எனக்க பாதி ஆயுசு போச்சு. பம்பு மோட்டார், கிரைண்டர், அந்தப் பழைய ஜீப்பு, எதுக்கும் நான்தான் டார்ச் வெட்டம் அடிக்கணும். "வெட்டம் எங்கட்டி அடிக்க?"ன்னு ஒரு கத்து கத்துவார் பாரு, எதிர்த்த வீட்டுக்காரர் அவருக்க வீட்டு லைட்டைப் போடுவார். டார்ச் பிடிக்கிறவளுக்க கஷ்டம் வேலை செய்யுறவனுக்குத் தெரியாது. எந்த நட்டு வேணும்னு அவருக்க மனசுக்குள்ள இருக்கும். எனக்குத் தெரியிறது அவருக்க முதுகு மட்டும். முதுகைப் பாத்துட்டு நான் எங்கன்னு அடிக்க? வேலை முடிஞ்சு கையைக் கழுவினதும் பழைய சாது திரும்பி வந்து தேயிலத் தண்ணி கேப்பார், எதுவுமே நடக்காத மாதிரி. நானும் போட்டுக் குடுப்பேன். சிரிக்கவும் செய்வேன். ஆனா மக்கா, ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள ஒரு சின்ன இடம் மூடிக்கிடும், அது பிறகு திறக்காது.

நீ ஒம்பதாம் கிளாஸ் படிக்கும்போது சைக்கிள் செயின் கழண்டு போச்சு. நான் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிச்சுட்டு நின்னேன். ரெண்டு தடவை செயின் வழுகிச்சு. மூணாவது தடவை நீ நிமிர்ந்து பாத்தே பாரு, நெத்தியில நடுவுல ஒரு நரம்பு எழும்பி நின்னுது. "பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"ன்னு கத்தினே. அந்த நரம்பு, அந்தக் குரல், எல்லாம் அப்பாவுக்கது. நான் சக்கரத்தை விட்டுட்டு உள்ள போயிட்டேன். கை வலிக்குதுன்னு சொன்னேன். வலிக்கல்ல மக்கா, பயந்து போனேன். அவரு கத்தினா பொறுத்துக்கலாம், அவரை எனக்குத் தெரியும். ஆனா நீ நாளைக்கு ஆருக்க முன்னால நின்னு கத்துவேன்னு நினைச்சதும் எனக்கு அங்க நிக்க முடியல்ல. அண்ணைக்குத் தொடங்கின கவலைதான் அடுக்களையில மீனைப் பத்திப் பேச வச்சுது.

இனி அந்த ஹாரன் விஷயத்துக்கு வாறேன். கல்யாணம் கழிஞ்ச வாரம் பாறசாலை மாமி வீட்டுக்கு விருந்துக்குப் போகணும். புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்பாவுக்க ஜீப்புலதான் கூட்டிட்டுப் போகணும்னு மாமிக்கு ஒரே பிடிவாதம், அப்பாவுக்க கூடப்பிறந்தவளாச்சே, அவளும் கல்யாணப் பெண்ணா அந்த ஜீப்புலதானே இந்த வீட்டுல இருந்து இறங்கினா. ஜீப்பு ஓடும், ஹாரன்தான் செத்துக் கிடந்துது. நம்ம மலை இறக்கத்துல அத்தனை வளைவிலயும் ஹாரன் அடிக்காம இறங்க முடியுமா? கண் ஆபரேஷன் கழிஞ்சு அப்பா குனியப்பிடாது, பாரம் தூக்கப்பிடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மனுஷன் கேப்பாரா? நான் குளிக்கப் போன நேரம் பாத்து ஷெட்டுக்குள்ள போயி ஸ்டியரிங் நடுவுல இருந்த பட்டனைக் கழட்டியாச்சு. பித்தளைக் கிண்ணம், ஸ்பிரிங்கு எல்லாத்தையும் ஒரு சிரட்டையில மண்ணெண்ணெய் ஊத்திப் போட்டிருக்கார். நான் வந்து ஒரு பாடு சத்தம் போட்டு அவரைப் பிடிச்சுக் கொண்டுபோய் வராந்தாவுல நாற்காலியில இருத்தினேன். அதுக்கப்புறம்தான் மிச்ச வேலை உனக்க தலையில விழுந்துது.

நல்ல மழை. ஷெட்டுக்குள்ள பகல்லயே இருட்டு. அப்பா கறுப்புக் கண்ணாடியும் போட்டு வராந்தாவுல இருந்து ஜீப்பையே பாத்துட்டிருக்கார். நான் அடுக்களை வாசல்ல மரச்சீனிக் கிழங்கு தொலிச்சுட்டிருக்கேன். நீ ஜீப்புல ஏறி இருந்தே. அபிஷாவைக் கூப்பிட்டு அப்பாவுக்க புது டார்ச்சை அவ கையில குடுத்தே. அந்த நேரம் எனக்க கையில இருந்த கத்தி நின்னுது. எனக்க டார்ச்சாக்கும் அவ கைக்கு மாறுதுன்னு தோணிச்சு. போயி பிடுங்கிடலாமான்னுகூட நினைச்சேன். ஆனா நீ வேலையைத் தொடங்கும் முன்ன அவகிட்ட என்னமோ சொன்னே. காது குடுத்துக் கேட்டேன். இந்தக் குழாய்க்குள்ள கூடி ஒரு ஒயர் மேல வரணும், அதுக்க நுனியில இந்தக் கிண்ணம் இருக்கணும், அதுக்கு மேல ஸ்பிரிங்கு, பட்டனை அமத்தினா பித்தளை போயி இரும்புல முட்டும், அப்ப ஹாரன் அடிக்கும், நீ இந்த ஓட்டைக்குள்ள மட்டும் வெட்டம் அடிச்சாப் போதும்னு சொன்னே. இத்தனை வருஷமா அந்த ஜீப்புக்கு டார்ச் பிடிச்ச எனக்கு ஹாரன் எப்படி அடிக்குதுன்னு அண்ணைக்குத்தான் தெரிஞ்சுது. ஒரு ஆளை வெளிச்சம் பிடிக்கச் சொன்னா, என்ன வேலை நடக்குதுன்னு முதல்ல சொல்லணும் மக்கா. உனக்கு அதை ஆரு சொல்லித் தந்தான்னு எனக்குத் தெரியல்ல. எதுக்கானாலும் அதை விட்டுடாதே.

ஒயர் ரெண்டு தடவை குழாய்க்குள்ள வழுகி இறங்கிப் போச்சு. ஸ்பிரிங்கு தெறிச்சு ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலருக்க அடியில போயி விழுந்து, அவ முட்டுக்குத்தி எடுத்துத் தந்தா. எல்லாத்தையும் பூட்டியாச்சு. நீ பானட்டைத் தூக்கி பேட்டரியில டெர்மினலை வச்சே. அவ்வளவுதான். ஆரும் பட்டனைத் தொடல்ல, ஹாரன் பாட்டுக்கு அலறத் தொடங்கிச்சு. செத்துக் கிடந்தது உயிரோட வந்து, நிறுத்தவே மாட்டேன்னு நிக்குது. அபிஷா ஞெட்டிப் போயி டார்ச்சைக் கீழ போட்டா, அது ஷீட்டுக்கு உறைய ஊத்தி வச்சிருந்த ரப்பர் பாலுக்குள்ள விழுந்து மூழ்கிப் போச்சு. அப்பா நாற்காலியில இருந்து எழும்பி என்னமோ கத்துறார். எதிர்த்த வீட்டுக்காரர் குடையும் பிடிச்சுட்டு கேட் பக்கத்துல வந்து வாயை அசைக்கிறார். ஒண்ணும் கேக்கல்ல. நீ பதறிப் போயி டெர்மினலைப் பிடுங்கினே. சட்டுன்னு மழைச் சத்தம் மட்டும்.

அந்தப் பிள்ளை "சாரி"ன்னு சொன்னா. நீ திரும்பினே. நெத்தியில அந்த நரம்பு எழும்பி நின்னுது, மக்கா. அடுக்களை வாசல்ல இருந்து எனக்குத் தெரிஞ்சுது. கர்த்தாவே, இப்ப வரும்னு நினைச்சு நான் கண்ணை மூடிட்டேன். ஒண்ணும் வரல்ல. கண்ணைத் திறந்து பாத்தா, நீ ஸ்பானரைச் சத்தம் கேக்காம மட்கார்டுக்கு மேல வச்சுட்டு ஷெட்டை விட்டு இறங்கி மழைக்குள்ள போறே. ஒரு ரப்பர் மரத்து மூட்டுல முதுகைக் காட்டிட்டு நின்னே. சட்டையெல்லாம் நனைஞ்சு உடம்போட ஒட்டிப் போச்சு. அபிஷா என்னைப் பாத்தா.   பிறகு நீ தலையில இருந்த மழைத் தண்ணியைத் துடைச்சுட்டு உள்ள வந்தே. அவ பக்கத்துல நின்னு கேட்டே:

"பயந்து போனியா?"

"ம், கொஞ்சம்."

"எனக்கும்தான்."

நான் தொலிச்சுட்டிருந்த மரச்சீனியை அப்படியே வச்சுட்டு அடுக்களைக்குள்ள போயி கதவுக்குப் பின்னால நின்னு அழுதேன். துக்கத்துல இல்ல. அந்த சைக்கிள் நாள் முதல் தூக்கிட்டு நடந்த ஒரு பாரத்தை ஆரோ வாங்கி வச்ச மாதிரி இருந்துது.

அழுதுட்டு முகத்தைக் கழுவி வெளிய வந்தா, அப்பா நாற்காலியில இருந்து கேக்குறார், "எலே, அந்த ஃபைபர் வளையத்தைப் போட்டியா?" எந்த வளையம்னு நீ கேட்டே. பித்தளைக்கும் இரும்புக்கும் இடையில ஒரு தவிட்டு நிற வளையம் உண்டு, அது இல்லேன்னா ரெண்டும் எப்பவும் முட்டிட்டே இருக்கும், ஹாரன் நிக்காது, அதுல மண்ணெண்ணெய் படவேண்டாம்னு தனியா ஒரு சிரட்டையில வச்சிருந்தேன்னு சொன்னார்.  காலையில நான் சிரட்டைகள்ல காஞ்சு பிடிச்சிருந்த ஒட்டுப்பாலை எல்லாம் பிரிச்சு எடுத்தேன். ஷெட்டுக்க அரைச்சுவருக்கு மேல இருந்த சிரட்டையிலயும் தவிட்டு நிறத்துல வளைஞ்சு ஒண்ணு கிடந்துது. ரப்பர் வீட்டுல சிரட்டைக்குள்ள தவிட்டு நிறமா கிடந்தா அது வேற என்னவா இருக்கும்? எடுத்து சாக்குல போட்டுட்டேன். சொன்னேன், "அது நானாக்கும் எடுத்தது"ன்னு. ஸ்பானர் கையில இல்லாமலே அப்பாவுக்கு அண்ணைக்கு அந்த வேற ஆள் வந்தாச்சு. கண்ணு ஆபரேஷன் எனக்கா உனக்கான்னு தொடங்கி, எதிர்த்த வீட்டுக்காரர் இன்னும் கேட்டுல நிக்கிறாருன்னுகூடப் பாக்காம ஒரு முழக்கம். நான் வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சேன். நீ வந்து எனக்கும் அவருக்கும் நடுவுல நின்னே. குரலைக்கூட உயர்த்தல்ல.

"அப்பா, போதும். சிரட்டையில கிடந்தா ஆருக்கும் ஒட்டுப்பால்னுதான் தோணும். கத்தினா வளையம் வருமா?"

அப்பா கண்ணாடியைச் சரிபண்ணிட்டு இருந்துட்டார். கோவமா வெக்கமா தெரியல்ல, கறுப்புக் கண்ணாடிக்குள்ள என்ன தெரியும்? ஆனா நான் உனக்கு இதைச் சொல்லணும். அப்பாவை எதிர்த்துப் பேசினேன்னு நீ பிறகு சங்கடப்பட்டே, ரயிலேறும்போதுகூட 'அப்பா மனசுல ஏதாவது வச்சிருக்காரா'ன்னு கேட்டே. ஒண்ணும் வச்சுக்கல்ல. அதுக்க கதை பின்னால வருது.

ஒட்டுப்பால் சாக்கை நீ தார்ப்பாயில கவுத்தினே. அந்த நாத்தம் நமக்குப் பழக்கம். குளத்தூர்க்காரிக்கு ரப்பர் ஏது, ஒட்டுப்பால் ஏது? மூக்கைப் பொத்திட்டு, "அய்யோ மாமி, இது எந்தொரு நாற்றம்"னு மலையாளத்துல வந்துட்டுது அவளுக்கு. உள்ள போ பிள்ளே, நாங்க பாத்துக்கிடுறோம்னு சொன்னேன். போகல்ல. கல்யாண மருதாணி அழியாத கையை உள்ள விட்டுக் கிளறத் தொடங்கினா. மூணுபேரும் குத்தவச்சு இருந்து, ஒவ்வொரு துண்டா எடுத்து அமத்திப் பாக்குறோம். அமுங்கினா ஒட்டுப்பால், அமுங்கல்லேன்னா வளையம். கடைசியில அவதான் கண்டுபிடிச்சா. நீ அதைத் துடைச்சு, கிண்ணத்தைக் கழட்டி, வளையத்தை இடையில வச்சு, மறுபடியும் எல்லாத்தையும் பூட்டினே. டார்ச்சுதான் பாலுக்குள்ள போச்சே, அவ போன்ல வெட்டம் அடிச்சா. டெர்மினலை வச்சதும் எல்லாரும் காதைப் பொத்திட்டு நின்னோம். சத்தமில்ல. நீ என்னைக் கூப்பிட்டு, "அம்மா, நீங்க அமத்துங்க"ன்னு சொன்னே. இத்தனை வருஷத்துல நான் அந்தப் பட்டனைத் தொட்டதே இல்ல. அமத்தினேன், அடிச்சுது. கையை எடுத்தேன், நின்னுது. அடிச்சதைவிட அது நின்னதுதான் எனக்குப் பெரிசாத் தோணிச்சு. அந்த வளையத்துக்க வேலை அவ்வளவுதான், தேவையில்லாத நேரம் ரெண்டையும் முட்டவிடாம வைக்கணும்.

விருந்துக்கு நாலு வகை சோப்பு போட்டுக் குளிச்சுட்டுப் போயும், பாறசாலை மாமி அபிஷாவைக் கட்டிப்பிடிச்சுட்டு மூக்கைச் சுளிச்சது உனக்கு ஓர்மை இருக்கும். 'அம்பூரி சென்டாக்கும்'னு அவ சொன்னதும் மாமி சிரிச்சுச் சிரிச்சுப் புரை ஏறிப் போச்சு. அந்தச் சிரிப்புக்கு நடுவுல அபிஷாவுக்க அம்மா முகம் எனக்கு ஓர்மை வந்துது. அவளுக்கு நான் ஒரு பதில் பாக்கி வச்சிருக்கேன்.

ஒரு நாள் மழையில போயி நின்னதுக்கு இவ்வளவு கொண்டாட்டமான்னு நீ கேக்கலாம். ஒரு நாள் நல்லா இருந்தா எல்லா நாளும் நல்லா இருக்கும்னு நம்புற ஆள் நான் இல்ல. உங்க ரெண்டுபேருக்கும் இனியும் எத்தனையோ பட்டன் கழண்டு போகும், எத்தனையோ வளையம் காணாமப் போகும், அதுல சிலது அவளே தூக்கிப் போட்டிருப்பா. நரம்பு எழும்பத்தான் செய்யும், அது அப்பா உனக்குத் தந்தது, அதை என்ன பண்ண முடியும்? ஆனா ஸ்பானரைக் கீழ வைக்க உனக்குத் தெரியும். அதை நான் என் கண்ணால பாத்தாச்சு. எனக்கு அது போதும்.

இப்ப அப்பாவுக்க கதை. நீங்க போன மறு வாரம் கேஸ் அடுப்புல ஒரு பர்னர் எரியாம நின்னுது. வழக்கம்போல அவரு ஸ்குரூ டிரைவரோட வந்தார். டாக்டர் இன்னும் குனியச் சொல்லல்லேன்னு நான் வாங்கி வச்சுட்டேன். அவரு டார்ச்சைக் கையில எடுத்தார், அதே டார்ச்சுதான், பாலைச் சுரண்டிக் காய வச்சா எரியுது. நான் குனிஞ்சு ஸ்குரூவைத் திருக்குறேன், அவரு வெட்டம் அடிக்கிறார். அடிக்கிறார்னா, சுவருக்கும் சிலிண்டருக்கும் எனக்க காதுக்கும் அடிக்கிறார். ஸ்குரூ வழுகிக் கீழ போச்சு. "வெட்டத்த எங்கயாக்கும் அடிக்கிய?"ன்னு நான் கத்தினேன், மக்கா. நானாக்கும். எனக்கே நம்ப முடியல்ல. வாயில வர ஒரு நொடிகூட ஆகல்ல. அப்பா டார்ச்சைத் தாழ்த்தினார். பிறகு மெல்ல, "என்ன செய்யுறேன்னு சொன்னாத்தானே எங்க அடிக்கணும்னு தெரியும்"னு சொன்னார். நீ அபிஷாகிட்ட சொன்னதை அவரும் கேட்டுட்டுத்தான் இருந்திருக்கார். நான் சொன்னேன், இது கேஸ் வாற ஓட்டை, இதுல அடை பிடிச்சிருக்கு, ஊசியால குத்தணும்னு. அவரு சரியா அங்க அடிச்சார். அடுப்பு எரிஞ்சுது. அண்ணைக்குத் தேயில அவரு போட்டார், சீனி கூடிப் போச்சு, நான் முழுசும் குடிச்சேன்.

அந்தக் கத்து எவ்வளவு சுளுவா வருதுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. அதை விழுங்கிட்டு மழைக்குள்ள இறங்கிப் போறதுக்கு உனக்கு என்ன பாடு இருந்திருக்கும்னும் தெரிஞ்சுது. அவளுக்குத் தெரியாம இருக்கணும்னு நினைச்சுத்தான் இந்த எழுத்தைத் தொடங்கினேன். இப்ப அப்படித் தோணல்ல. நீயே அவளுக்கு வாசிச்சுக் காட்டு. வாசிச்சு முடிச்சதும், அவளுக்க அம்மாவைப் போன்ல கூப்பிட்டு, அம்பூரி மாமி மீனைப் பத்திப் பேசி மழுப்பின கேள்விக்கு இப்ப பதில் தந்திருக்கான்னு சொல்லச் சொல்லு. பையனுக்குக் கோவம் உண்டு. வந்தா ஸ்பானரைச் சத்தமில்லாம வச்சுட்டு மழையில போயி நிப்பான், திரும்பி வந்து பயந்து போனியான்னு கேப்பான்.

மழை இல்லாத மாசத்துல எங்க போயி நிப்பான்னு அவளுக்க அம்மா கேட்டா, அதுக்கு நீதான் பதில் சொல்லணும்.

உனக்க அம்மா